விளம்பரத்தில் 12 மாதம், கடிதத்தில் 6 மாதம்: இந்தக் கடன் அட்டையை ஏற்கலாமா?

பிறைநிலா (பிறை, பினாங்கு):

அனைவருக்கும் வணக்கம். நான் பிறையில் குடியிருக்கிறேன். பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக வேலை. மாதச் சம்பளம் 2,800 வெள்ளி (ரிங்கிட்). கடந்த ஆண்டு அப்பா மருத்துவமனையில் படுத்திருந்த நாள்களில் மருந்துக்கும் போக்குவரத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் கடன் அட்டையையே நம்பியிருந்தேன். அந்த அட்டையில் இன்று 6,400 வெள்ளி நிலுவை நிற்கிறது. அதே அலைச்சலில் மூன்று மாதங்கள் குறைந்தபட்சத் தொகையைக்கூட உரிய நாளுக்குள் கட்ட முடியாமல் போனதால், இப்போது ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி விதிக்கிறார்கள். மாதம் 96 வெள்ளி வட்டிக்கே போய்விடுகிறது.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையின் மகளை அழைத்துக்கொண்டு பேரங்காடிக்குப் போயிருந்தேன். அங்கே வேறொரு வங்கியின் கடன் அட்டை முகவர்கள் மேசை போட்டு அமர்ந்திருந்தார்கள். மற்ற வங்கிகளின் அட்டைகளில் உள்ள நிலுவையைத் தங்கள் அட்டைக்கு மாற்றிக்கொண்டால் 12 மாதங்களுக்கு 0 விழுக்காடு வட்டி, மாற்றுவதற்குக் கட்டணமும் இல்லை என்று ஆள் உயரப் பதாகையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்கிறார்களே, அதுதான். விசாரித்தேன். தமிழரான அந்த முகவர் என் மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் ஊழியர் சேமநிதி அறிக்கையையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்க அக்கா, 6,400 வெள்ளியையும் இங்க மாத்திடலாம், 12 மாசத்துக்கு வட்டியே இல்ல" என்று உறுதியாகச் சொன்னார். பாரத்தை அவரே தம் தட்டைக் கணினியில் நிரப்பினார். நான் திரையில் விரலால் கையொப்பமிட்டேன்.

சென்ற வாரம் அட்டையும் கடிதமும் வந்தன. கடன் வரம்பு 5,000 வெள்ளி என்றும், அதில் 70 விழுக்காட்டை, அதாவது 3,500 வெள்ளியை மட்டுமே மாற்றிக்கொள்ளலாம் என்றும் கடிதத்தில் உள்ளது. காலம் 6 மாதம். வட்டி 0 விழுக்காடுதான். ஆனால் தொடக்கத்திலேயே 3 விழுக்காடு, 105 வெள்ளி, கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்களாம். 12 மாதம் என்ற சொல்லே கடிதத்தில் இல்லை. முகவரை அழைத்துக் கேட்டபோது, அது வங்கியின் முடிவு, தமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கூறி அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

அட்டையை இன்னும் செயல்படுத்தவில்லை. ஒன்றை விளம்பரம் செய்துவிட்டு வேறொன்றைக் கொடுக்க வங்கிக்கு உரிமை உண்டா? கிடைத்ததைக் கொண்டு திருப்தி அடைவதா, வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதா? திருப்பிக் கொடுத்தால் என் கடன் பதிவில் கறை விழுமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்):

வணக்கம் அம்மா. நான் கோலாலம்பூரில் ஒரு வங்கியின் கடன் அட்டைப் பிரிவில் 19 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் கடிதத்தில் வங்கி விரும்பினாலும் மாற்ற முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. வங்கியே தன் விருப்பப்படி வகுத்த பகுதி இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் கோபம் தவறான இடத்துக்குப் போய்விடும்.

முதலில் கடன் வரம்பு. 2011ஆம் ஆண்டு மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா கடன் அட்டை விதிகளை இறுக்கியபோது, ஆண்டு வருமானம் 36,000 வெள்ளியும் அதற்குக் குறைவும் உள்ளவர்கள் இரண்டு வங்கிகளின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம் என்றும், ஒவ்வொரு வங்கியும் அவர்களுக்குத் தரும் வரம்பு மாத வருமானத்தின் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுத்தது. உங்கள் ஆண்டு வருமானம் 33,600 வெள்ளி. ஆகவே எந்த வங்கியும் உங்களுக்கு 5,600 வெள்ளிக்கு மேல் வரம்பு தர இயலாது. 5,000 வெள்ளி கொடுத்ததை வஞ்சனை என்று சொல்வதற்கில்லை. சொல்லப்போனால், 6,400 வெள்ளியையும் மாற்றித் தருகிறேன் என்று அந்த முகவர் சொன்ன நொடியிலேயே அது நடக்க முடியாத காரியம். சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்கிறார் என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்து வட்டி. நம் நாட்டில் கடன் அட்டையின் வழக்கமான வட்டி ஆளைப் பார்த்து வங்கி வைக்கும் விலை அன்று. 12 மாதங்களும் குறைந்தபட்சத் தொகையை நாள் தவறாமல் கட்டியவருக்கு 15 விழுக்காடு, 12 மாதங்களில் 10 மாதமாவது கட்டியவருக்கு 17 விழுக்காடு, மற்றவர்களுக்கு 18 விழுக்காடு என்பதுதான் உச்ச வரம்பு. நீங்கள் மூன்று மாதம் தவறியதால் ஒன்பதாகி, 18இல் விழுந்திருக்கிறீர்கள். தொடர்ந்து நாள் தவறாமல் கட்டி வந்தால் அந்த மூன்று மாதங்கள் கணக்கிலிருந்து ஒவ்வொன்றாக விலக விலக, வட்டி 17க்கும் பிறகு 15க்கும் இறங்க வேண்டும். புதிய அட்டை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இது உங்களுக்கு உரியது. இறங்குகிறதா என்று பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கிக்கு முழுச் சுதந்திரம் உள்ள இடம் நிலுவை மாற்றுத் திட்டம்தான். எத்தனை மாதம், எவ்வளவு கட்டணம், வரம்பில் எத்தனை விழுக்காடு என்பவற்றை வங்கியே முடிவு செய்கிறது. பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று திட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் கேட்க இனிமையானது பதாகைக்குப் போகும். எளிதில் ஒப்புதல் கிடைப்பது பாரத்துக்குப் போகும். முகவருக்கு அட்டை ஒன்றுக்கு இவ்வளவு என்று கழிவுத் தொகை கிடைக்கிறது என்பதால், ஒப்புதல் கிடைக்கக்கூடிய கட்டத்தில்தான் அவர் கை போகும். எனவே நீங்கள் கையொப்பமிட்ட பாரத்தின் பிரதி மின்னஞ்சலில் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். அதில் எந்தத் திட்டத்தின் கட்டத்தில் குறி இடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துதான் மற்ற எல்லாமே. பிரதி இல்லை என்றால் வங்கியிடம் கேட்டு வாங்குங்கள்.

திருப்பிக் கொடுப்பதால் கறை விழாது. பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்ற கடன் தகவல் பதிவில் கடந்த 12 மாதங்களில் நீங்கள் கட்டியதும் தவறியதும் தெரியும், புதிய கடனுக்கு விண்ணப்பித்ததும் தெரியும். ஓர் அட்டையை மறுத்தது குற்றமாகப் பதிவதில்லை. ஆனால் இந்தக் கோபத்தில் நான்கு வங்கிகளுக்கு ஒரே மாதத்தில் விண்ணப்பித்துவிடாதீர்கள்; ஐந்தாவது வங்கி அதைப் பார்க்கும். மேலும், உங்களுக்கு இரண்டு வங்கிகளுக்கு மட்டுமே இடம் உண்டு. இந்த அட்டையை ஏற்றால் அந்த இரண்டாவது இடமும் நிரம்பிவிடும். நாளை வேறொரு வங்கி உண்மையிலேயே நல்ல திட்டம் கொடுத்தால், இதை மூடிய பிறகுதான் அங்கே போக முடியும்.

கணக்குமேசை (கிள்ளான்):

ஐயா செந்தூல்வாசி விதிகளை விளக்கிவிட்டார். நான் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் 0 விழுக்காடு என்ற எண்ணைப் பார்த்ததும் பலர் கணக்குப் போடுவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

பதாகையில் இருந்த திட்டம் உங்களுக்கு அப்படியே கிடைத்திருந்தால், 6,400 வெள்ளியை 12 சம தவணைகளில் மாதம் 533 வெள்ளியாகக் கட்டி முடித்திருப்பீர்கள். அதே தொகையை அதே வேகத்தில் பழைய அட்டையில் 18 விழுக்காட்டு வட்டியோடு குறைத்துக்கொண்டு வந்தால், 12 மாதங்களில் வட்டி மட்டும் 624 வெள்ளி ஆகும். புதிய அட்டைக்கு ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி உண்டு. 2018 செப்டம்பரிலிருந்து இது எல்லாக் கடன் அட்டைகளுக்கும் பொது. அதைக் கழித்தால் உங்களுக்கு மிஞ்சியிருக்க வேண்டியது 599 வெள்ளி.

இப்போது கையில் இருக்கும் கடிதத்துக்கு வருவோம். 3,500 வெள்ளியை 6 மாதங்களில், மாதம் 583 வெள்ளியாகக் கட்ட வேண்டும். அதே தொகை பழைய அட்டையிலேயே இருந்து அதே வேகத்தில் குறைந்திருந்தால் வட்டி 183 வெள்ளி 75 சென். அதிலிருந்து கட்டணம் 105 வெள்ளியையும் சேவை வரி 25 வெள்ளியையும் கழியுங்கள். மிஞ்சுவது 53 வெள்ளி 75 சென்.

599 வெள்ளி என்று கூப்பிட்டு 54 வெள்ளியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் 0 விழுக்காடு என்ற ஒரே பெயர்தான்.

இதோடு முடியவில்லை. மாற்ற முடியாமல் பழைய அட்டையில் தங்கிவிடும் 2,900 வெள்ளிக்கு 5 விழுக்காடு குறைந்தபட்சத் தொகையாக 145 வெள்ளி கட்ட வேண்டும். 583உம் 145உம் சேர்ந்து மாதம் 728 வெள்ளி. 2,800 வெள்ளிச் சம்பளத்தில், சேமநிதி பிடித்தம் போக, இது உங்களால் இயலுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு மாதம் தவறினாலும், கட்டாத நிலுவையில் 1 விழுக்காடு என்ற கணக்கில், குறைந்தது 10 வெள்ளியும் கூடியது 100 வெள்ளியுமாகத் தாமதக் கட்டணம் விழும். அந்த 54 வெள்ளி ஒரே தாமதத்தில் கரைந்துவிடக் கூடியது. பல வங்கிகள் தவணை தவறினால் 0 விழுக்காட்டுத் திட்டத்தையே நீக்கிவிட்டு மீதித் தொகைக்கு வழக்கமான வட்டியைப் போடுவதும் உண்டு. உங்கள் கடிதத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மாறாக, புதிய அட்டையைத் தொடாமல், பழைய அட்டைக்கே மாதம் 600 வெள்ளி கட்ட முடிந்தால், 18 விழுக்காட்டிலேயே 12ஆவது மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். மொத்த வட்டி 627 வெள்ளி அளவில் நிற்கும். பழைய வங்கி உங்களை அழைத்து, மூன்று ஆண்டுத் தவணையாக மாற்றித் தருகிறோம் என்று கூறினால் உடனே சம்மதித்துவிடாதீர்கள். உதாரணத்துக்கு, ஆண்டுக்கு 6.88 விழுக்காடு நிலை வட்டி என்றால் மாதம் 214 வெள்ளிதான் வரும், கேட்கச் சுகமாகவும் இருக்கும். ஆனால் நிலை வட்டி முதல் நாள் கடனின் மீதே கடைசி வரை கணக்கிடப்படுவதால், குறைந்து வரும் கடனுக்கு அதன் உண்மை விகிதம் 12.6 விழுக்காட்டை ஒட்டி வரும். மொத்த வட்டி 1,321 வெள்ளி, நீங்களே 600 வெள்ளியாகக் கட்டினால் ஆகும் வட்டியைப் போல் இரு மடங்கு. மாதச் சுமையைத் தாங்கவே முடியாத நிலையில் இருப்பவருக்கு அது பொருந்தலாம். தாங்க முடிந்தவருக்கு அது நட்டம்.

தஞ்சோங் தென்றல் (ஜார்ஜ்டவுன்):

தங்கை பிறைநிலா, நான் தாதியாக ஆறு ஆண்டுகள் லண்டனில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவள். அங்கே இதே அனுபவம் எனக்கும் நேர்ந்தது என்பதால் உங்கள் மனநிலை புரிகிறது.

பிரிட்டனில் கடன் அட்டை விளம்பரத்தில் ஒரு வட்டி விகிதத்தை மாதிரி விகிதம் என்று போட்டால், அந்த விளம்பரத்தின் வழி வந்து ஏற்கப்படுவோரில் குறைந்தது 51 விழுக்காட்டினருக்காவது அந்த விகிதமோ அதைவிட நல்லதோ கிடைக்க வேண்டும் என்பது விதி. முன்பு இது 66 விழுக்காடாக இருந்து, 2011இல் 51ஆகக் குறைக்கப்பட்டது. அதாவது, ஏற்கப்பட்ட நூறு பேரில் 49 பேருக்கு விளம்பரத்தைவிட மோசமான விகிதம் கொடுத்தாலும் அங்கே சட்டப்படி குற்றமில்லை. எனக்குக் கிடைத்தது அந்த 49இல் ஓர் இடம். இருந்தாலும், பாதிப் பேருக்காவது கொடுத்தாக வேண்டும் என்று ஓர் எண் அங்கே இருந்தது. இங்கே வட்டிக்கு உச்ச வரம்பு வைத்து நம்மைக் காத்திருக்கிறார்கள். அது பிரிட்டனில் இல்லாத நல்ல ஏற்பாடு. ஆனால் பதாகையில் போடும் திட்டம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று கேட்பதற்கு நம்மிடம் அப்படியோர் எண் இல்லை.

ஐயா செந்தூல்வாசி கூறியதில் எனக்கு ஓர் இடத்தில் மட்டும் உடன்பாடு இல்லை. திட்டத்தை முடிவு செய்வது வங்கியின் சுதந்திரம் என்பது சரி. ஆனால் அதைச் சொல்லும் விதத்தில் வங்கிக்குச் சுதந்திரம் இல்லை. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் 124ஆவது பிரிவும் அதன் 7ஆவது அட்டவணையும் பயனீட்டாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடை செய்கின்றன. வங்கியின் சார்பில் மேசை போட்டு உட்கார்ந்த முகவரின் பேச்சுக்கு வங்கி பொறுப்பேற்க வேண்டாமா? அவர் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதானே 12 மாதம் என்று கூறினார்?

முறையீடு எழுதும்போது எதைக் கேட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். எனக்கு ஏன் வரம்பு கூட்டவில்லை, ஏன் 12 மாதத் திட்டத்துக்கு ஒப்புதல் தரவில்லை என்று எழுதினால், அது வங்கியின் கடன் முடிவு என்ற ஒரே வரியில் கோப்பை மூடிவிடுவார்கள். மேல்முறையீட்டுக்குப் போனாலும், கடன் ஒப்புதல், பொதுவான கட்டண நிர்ணயம் போன்றவை குறைதீர்ப்பாளரின் வரம்புக்குள் வருவதில்லை. எனக்குக் கிடைக்கவே முடியாத ஒன்று கிடைக்கும் என்று உங்கள் சார்பில் கூறி, வேறொன்றுக்குக் கையொப்பம் வாங்கியிருக்கிறார்கள் என்று எழுதுங்கள். நாள், இடம், முகவரின் பெயர், அவர் சொன்ன சொற்கள், அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் சேருங்கள். பதாகையைப் படம் எடுத்தீர்களா?

முதலில் வங்கியின் முறையீட்டுப் பிரிவுக்கு எழுத்து வடிவில் அனுப்ப வேண்டும். வங்கியின் இறுதிப் பதில் உங்களுக்கு நிறைவு தராவிட்டால், அந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளர் சேவையிடம் போகலாம். முன்பு நிதிச் சேவைக் குறைதீர்ப்பாளர் என்று இருந்த அமைப்புதான் 2025 ஜனவரியிலிருந்து இப்பெயரில் இயங்குகிறது. பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை. விளம்பரத்தைப் பற்றிய புகாரைப் பேங்க் நெகாராவுக்கும் தெரிவிக்கலாம், தொலைபேசி 1-300-88-5465. எழுதுவதற்குத் துணை தேவை என்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள், அங்கே தமிழிலேயே பேசலாம்.

பிறைநிலா:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவலாம்.

பாரத்தின் பிரதி மின்னஞ்சலில் இருந்தது. பயனற்ற அஞ்சல்களோடு போய்க் கிடந்தது. மூன்றாம் பக்கத்தில் நிலுவை மாற்றுத் திட்டங்களுக்கு இரண்டு கட்டங்கள். மேலே 12 மாதம், கட்டணமில்லை. கீழே 6 மாதம், 3 விழுக்காடு. குறி கீழ்க் கட்டத்தில் இருந்தது. என் விரல் கையொப்பம் அதற்குப் பின் இரண்டு பக்கம் தள்ளி இருந்தது. அன்று அந்த மூன்றாம் பக்கத்தை அவர் எனக்குக் காட்டவே இல்லை.

பதாகையைப் படம் எடுத்தேனா என்று அக்கா தஞ்சோங் தென்றல் கேட்டிருந்தார். நான் எடுக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். பிறகுதான் தங்கை மகளை அங்கே வைத்து எடுத்த படம் நினைவுக்கு வந்தது. முகவர்கள் கொடுத்த மஞ்சள் பலூனைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள், பின்னால் பதாகை. 12 என்ற எண் அவள் தலையைவிடப் பெரிது. அதன் அருகே ஒரு நட்சத்திரக் குறி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அவள் முழங்கைக்குக் கீழே, பதாகையின் அடி ஓரத்தில், அதே நட்சத்திரத்தோடு ஒரு வரி தெரிந்தது. குறைந்தபட்ச மாற்றுத் தொகைக்கு உட்பட்டது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தொகை எவ்வளவு என்று அதில் இல்லை. வங்கியின் இணையப் பக்கத்தில் விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். 12 மாதத் திட்டத்துக்குக் குறைந்தது 5,000 வெள்ளியை மாற்ற வேண்டும், மாற்றும் தொகை வரம்பின் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று இரண்டு வெவ்வேறு பக்கங்களில் எழுதியிருந்தது.

ஐயா செந்தூல்வாசி கொடுத்த விதியை வைத்துக்கொண்டு நானே கணக்குப் போட்டேன். எனக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு 5,600 வெள்ளி. அதில் 70 விழுக்காடு 3,920. சரி, என் சம்பளம்தான் குறைவு என்று நினைத்து, மாதம் சரியாக 3,000 வெள்ளி வாங்குபவருக்குப் போட்டுப் பார்த்தேன். வரம்பு 6,000, அதில் 70 விழுக்காடு 4,200. அதுவும் 5,000ஐ எட்டவில்லை. ஆண்டுக்கு 36,000 வெள்ளியும் அதற்குக் கீழும் சம்பாதிக்கும் யாருக்குமே அந்தப் பதாகையில் இருந்த திட்டம் கிடைக்க வழியில்லை. ஒருவருக்குக்கூட இல்லை. தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நிற்கும் பேரங்காடியில், எங்களைப் போன்றவர்கள் நடந்து போகும் வழியில் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தக் கணக்கைத்தான் முறையீட்டில் எழுதினேன். படத்தையும் பாரத்தின் மூன்றாம் பக்கத்தையும் முகவரின் வாட்ஸ்அப் செய்தியையும் இணைத்தேன். எனக்கு வரம்பு கூட்டித் தாருங்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஒன்பது வேலை நாள்களில் பதில் வந்தது. 105 வெள்ளிக் கட்டணத்தை நல்லெண்ணத்தின் அடிப்படையில் தள்ளுபடி செய்வதாகவும், விரும்பினால் எந்தச் செலவும் இல்லாமல் அட்டையை மூடித் தருவதாகவும், முகவரின் நடத்தையை விசாரிப்பதாகவும் எழுதியிருந்தார்கள். பதாகையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கட்டணம் போனபின் எனக்கு 159 வெள்ளி அளவுக்கு மிச்சமாகும் என்று கணக்குமேசையின் வழியில் போட்டுப் பார்த்தேன். ஆனால் மாதம் 728 வெள்ளி என்னால் இயலாது. அப்பாவின் மருந்து இன்னும் தொடர்கிறது. ஒரு மாதம் தவறினால் திட்டம் நீக்கப்படும் என்ற வரியும் கடிதத்தில் இருந்தது. அட்டையைச் செயல்படுத்தாமலே மூடச் சொல்லிவிட்டேன். மூடியதற்கான உறுதிக் கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கூடுதல் வேலை நேரத்தை வைத்துப் பழைய அட்டைக்கு மாதம் 600 வெள்ளி கட்டத் தொடங்கியிருக்கிறேன். முதல் தவணை போய்விட்டது.

பதாகையைப் பற்றிய புகாரைப் பேங்க் நெகாராவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஏனென்றால் என் உற்பத்தி வரிசையிலேயே இருவர் அதே மேசையில் அதே அட்டைக்கு விண்ணப்பித்து, எதையும் கேட்காமல் செயல்படுத்தியும் விட்டார்கள் என்பது இந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

செந்தூல்வாசி:

அம்மா, உங்கள் கணக்கைக் காகிதத்தில் எழுதி இரண்டு முறை சரிபார்த்தேன். சரியாக இருக்கிறது. திட்டம் வகுப்பது வங்கியின் சுதந்திரம் என்று நான் முன்பு எழுதியதை, அந்தக் குறைந்தபட்சத் தொகையைப் பார்க்காமலே எழுதிவிட்டேன். சகோதரி தஞ்சோங் தென்றல் மறுத்ததுதான் நியாயம். ஒரு தரப்பினருக்குக் கிடைக்கவே முடியாத திட்டத்தை அவர்கள் முன்னாலேயே விளம்பரம் செய்வது சுதந்திரத்தில் சேராது.

உங்கள் தோழியர் இருவரும் இப்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மாற்றிய தொகை முடியும் வரை அந்தப் புதிய அட்டையில் பெட்ரோல், மளிகை என்று எதையும் வாங்க வேண்டாம். அட்டையில் நிலுவை நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு, வழக்கமாகக் கிடைக்கும் 20 நாள் வட்டியில்லாக் காலம் கிடைக்காமல் போகலாம். 0 விழுக்காட்டு அட்டையில் எப்படி வட்டி வந்தது என்று பலர் திகைப்பது இதனால்தான். முதல் பில்லில் 3 விழுக்காட்டுக் கட்டணம் பிடித்திருந்தால், உங்களுக்கு வந்த பதிலின் நாளைக் குறிப்பிட்டு, தங்களுக்கும் அதே தள்ளுபடியைக் கேட்டு அவரவர் பெயரில் தனித்தனியாக எழுதட்டும். உங்கள் கடிதத்தின் பிரதியை அவர்கள் பெயரில் அனுப்ப வேண்டாம். ஒவ்வொருவரின் பாரத்திலும் குறி எங்கே இருக்கிறது என்பது வேறுபடக்கூடும்.

பிறைநிலா:

நன்றி ஐயா. நாளை மதிய இடைவேளையில் இருவரையும் மின்னஞ்சலைத் திறக்கச் சொல்லி, மூன்றாம் பக்கத்தை முதலில் பார்க்கிறோம்.